சத்தம் போடாத ஹேண்ட்பிரேக்

ஆதிமூலம் ஓட்டும் வேன் போய் முதுகில் தொட்டபோது, அந்தப் பிரெஞ்சு அம்மா கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறது அபிநயாவின் கெஸ்ட் ஹவுஸ். வாசல் நல்ல சரிவு. மேலே போர்டிகோவில் வேன் நிற்கும். கீழே பாதாம் மரத்தடியில் விருந்தினர்கள் பாய் விரித்துத் தியானம் செய்வார்கள். அன்று காலை ஆதிமூலம் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் வேன் அவசரமே இல்லாமல் பின்பக்கமாக இறங்கியது. செடிப்பாத்தியின் கல் விளிம்பு சக்கரத்தைத் தடுத்ததால் பம்பர் அந்த அம்மாவின் முதுகை லேசாகத் தொட்டதோடு சரி. அவர் கண்மூடியபடியே கைகூப்பினார். காலைச் சாப்பாட்டின்போது, ஏதோ ஒரு பெரிய கருணை தன்னைப் பின்னாலிருந்து தொட்டதாக எல்லோரிடமும் கண்கலங்கச் சொன்னார்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அபிநயா அந்தக் கருணையின் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டாள்.

"பிரேக் போட்டேம்மா, இதோ இந்தக் கையால போட்டேன்" என்றார் ஆதிமூலம்.

"அப்ப எப்படிண்ணா வந்துச்சு?"

"மலை இழுக்குதும்மா. இந்த ஊர்ல எல்லாரையும் மலைதானே இழுக்குது?"

"மலை அந்தப் பக்கம் இருக்குது. வேன் இந்தப் பக்கம் வந்துச்சு."

ஆதிமூலம் மலை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்தாறு வருஷத்தில் தன் மேல் தப்பு என்று ஒரு தடவைகூட ஒப்புக்கொண்டதில்லை. அந்த மாதத்தில் வேன் நகர்ந்தது இது மூன்றாவது முறை. முதல் முறை, மழையில் தரை வழுக்கியது என்றார். இரண்டாம் முறை, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேபிளை முறுக்கிக்கொண்டு வந்தார். அப்புறமும் நகர்ந்ததால் அந்த ஒர்க்‌ஷாப்காரனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார். மூன்றாம் முறைக்கு மலைதான் மிச்சம் இருந்தது.

"நாலு மணிக்கு இதே எடத்துல நிறுத்திக் காட்டுங்க" என்றாள் அபிநயா. கோபத்தில் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னாள். "நிக்கலைன்னா சாவியக் குடுத்துடுங்கண்ணா. எதுத்த வீட்டுச் செழியன் ஆட்டோவ வித்துட்டு வேலை கேட்டுட்டு இருக்கான். எனக்கு மனுஷங்க உசுரு முக்கியம்."

ஆதிமூலம் சட்டைப்பையிலிருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஏழு வருஷமாக ஓட்டும் வேன். விமான நிலையத்தில் எந்தெந்த நாட்டுக்காரர்களோ தூரத்திலிருந்தே "ஆதி!" என்று கூப்பிட்டுக் கையசைப்பார்கள். வீட்டில்கூட அவரைப் பார்த்து அப்படி யாரும் முகம் மலர்ந்ததில்லை. இந்த வயதில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், இந்த ஊரில் இன்னொரு சாவி யார் கொடுப்பார்கள்?

நேரே கலீல் ரஹ்மானின் ஷெட்டுக்குப் போனார். கலீல் ரஹ்மான் அவரைவிடப் பத்து வயது சின்னவர். வண்டியைத் தொடும் முன் பத்து கேள்வி கேட்கும் மெக்கானிக்.

"கேபிள மாத்து பாய். புதுசே போட்டுடு" என்று இறங்கும்போதே உத்தரவு போட்டார் ஆதிமூலம்.

"இருண்ணே. வைத்தியம் நீ சொல்லிட்டா நான் எதுக்கு?"

கலீல் பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கி போட்டுத் தூக்கினார். ஆதிமூலத்தை உள்ளே உட்காரவைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். இரும்பாக நின்றது.

"இப்ப கைய எடு."

கையை எடுத்தார். லீவர் நிற்பதுபோல் நின்று, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கலீல் தட்டிவிட்டதும் சக்கரம் ராட்டினம் மாதிரி சுற்றியது.

"கேபிள் நல்லாத்தான் கீது. பிரேக் கட்டையும் நல்லாத்தான் கீது. நீ புடிச்சிருந்தா நிக்குது, வுட்டா நிக்கல. ஒர்க்‌ஷாப்காரன் மேல தப்பே இல்லண்ணே. லீவருதான் போட்ட எடத்துல நிக்க மாட்டேங்குது. இழுக்கும்போது டிக் டிக்குனு சத்தம் வருதா?"

"சத்தமே வராது!" ஆதிமூலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "வெண்ணெய் மாதிரி வரும். வேற எவன் வண்டியிலயும் இப்படி ஸ்மூத்தா இருக்காது பாய். ரெண்டு மாசமா அப்படித்தான்."

கலீல் அவரை ஒரு பார்வை பார்த்தார். சின்னப் பிள்ளை, பல் விழுந்ததைப் பெருமையாகச் சொல்லும்போது பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "அந்த டிக் டிக்குதாண்ணே பிரேக்கு. அடியில பல்லு இருக்கும், கொக்கி வந்து அதுல மாட்டும். அந்தச் சத்தம் போச்சுன்னா மாட்டலனு அர்த்தம்."

லீவரின் அடியைச் சுற்றியிருந்த ரெக்சின் உறையை ஸ்க்ரூ கழற்றித் தூக்கினார். தூக்கியவர் அப்படியே கையை எடுத்துக்கொண்டார்.

உள்ளே விபூதி. கொஞ்சநஞ்சமல்ல. லீவரின் அடி தெரியாத அளவு விபூதி, நடுநடுவே குங்குமம், காய்ந்த வில்வ இலை, உருகிய கல்கண்டு. எல்லாம் சேர்ந்து, கோடை வெயிலில் பதமாகி, பல்லையும் கொக்கியையும் சிமெண்டு போட்டது போல மூடியிருந்தது.

ஆதிமூலத்துக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியது பிடிக்கவில்லை.

கோயிலுக்குப் போய்வரும் விருந்தினர்களுக்குக் கை நிறையப் பிரசாதம் கிடைக்கும். நெற்றியில் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வேனில் ஏறியதும் பயபக்தியோடு டிரைவர் கையில் கொட்டிவிடுவார்கள். சாமி பிரசாதத்தைக் கால் மிதிபடும் இடத்தில் போடலாமா? கோயிலுக்குள் என்றால், நம்மில் பாதிப்பேர் செய்வதுபோல, மிச்ச விபூதியைத் தூணின் இடுக்கில் தட்டிவிடலாம். வேனில் தூண் இல்லை. ஹேண்ட்பிரேக் உறையில் ஒரு கிழிசல் இருந்தது. வாராவாரம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி, ஏழு வருஷம் அதில் தட்டிவிட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கியரைப் போட்டார் ஆதிமூலம்.

"அண்ணே, இது சாமி சமாச்சாரம்" என்று எழுந்து தள்ளி நின்றார் கலீல். "நான் சுரண்டிக் கீழ கொட்டக்கூடாது. பிரஷ் தரேன். நீயே எடு."

ஆதிமூலம் செருப்பைக் கழற்றிவிட்டு வேனுக்குள் மண்டியிட்டார். ஒரு டிபன் பாக்ஸ் நிறைய வந்தது. அடியில் இறுகியது வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டால் உடனே கரையும் என்றார் கலீல். பிரசாதத்தில் மண்ணெண்ணெயா என்று ஆதிமூலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் டீக்கடையிலிருந்து சொம்பு சொம்பாக வெந்நீர் வந்தது. வேனுக்கு அபிஷேகம் நடப்பதாக நினைத்து வழியில் போன ஒருவர் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்று மணிக்குப் பல்லும் கொக்கியும் வெளியே வந்தன. எடுத்ததையெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் சேர்த்தார்கள். அப்புறம்தான் கலீல் எண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தார்.

டிக். டிக். டிக். டிக்.

கையை எடுத்தும் சக்கரம் அசையவில்லை. ஆதிமூலத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெந்நீர் ஆவி என்று சொல்லிக்கொண்டார்.

"அண்ணே, மேடம் கேட்டா பல்லு தேஞ்சு போச்சுனு சொல்லிக்கோ" என்றார் கலீல். "வண்டி பழசு, நம்புவாங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அருமையான பொய். மழை, ஒர்க்‌ஷாப்காரன், மலை எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது. வழி நெடுக ஆதிமூலம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாலு மணிக்கு அபிநயா வாசலில் நின்றிருந்தாள். "என்ன கோளாறாம்?"

"பல்லு..." என்று ஆரம்பித்தார் ஆதிமூலம். பாதாம் மரத்தடியில் அந்தப் பிரெஞ்சு அம்மா மறுபடி பாயை விரித்துக்கொண்டிருந்தார், இன்னொரு தடவை கருணை வரும் என்ற நம்பிக்கையில். ஆதிமூலம் அந்த மெலிந்த முதுகைப் பார்த்தார்.

"பல்லு நல்லாத்தான் இருந்துச்சும்மா. நான்தான் கெடுத்தேன். மிச்ச விபூதிய எல்லாம் அதுக்குள்ளயே தட்டி வுட்டுட்டு இருந்தேன். சத்தம் நின்னு போச்சு, அதையும் நல்லதுன்னே நெனச்சேன். தப்பு என்னுதுதான்."

சொல்லி முடித்ததும் அவருக்கே அந்தக் குரல் யாருடையதோ போலிருந்தது.

அபிநயா சிரிக்கவில்லை. அந்த அம்மாவைக் கையைப் பிடித்து வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். "வண்டிய மேல நிறுத்துங்க" என்றாள். ஆதிமூலம் நிறுத்தி, நாலு டிக்கும் கேட்க லீவரை இழுத்தார். கண்ணாடியில் பார்த்தால், அபிநயா வேனுக்கு நேர் பின்னால் சரிவில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நகருங்கம்மா!"

"இப்ப நிக்கும்தானே? கால எடுத்துட்டு எறங்குங்கண்ணா."

கால் பிரேக்கை மிதித்த காலை ஆதிமூலத்தால் எடுக்க முடியவில்லை. சக்கரம் அசையாமல் நின்றதைப் பார்த்தவர்தான், டிக் சத்தத்தை எண்ணியவர்தான். இருந்தும் காலை எடுக்கவில்லை. "முடியாதும்மா" என்றார். "வேல போனாலும் சரி, நீங்க அங்க நிக்கிற வரைக்கும் கால எடுக்க மாட்டேன்."

அபிநயா தள்ளி நின்றாள். ஆதிமூலம் காலை எடுத்தார், இறங்கினார், ஓட்டமாகப் பின்னால் வந்து அவள் நின்ற இடத்தில் தான் நின்றுகொண்டார். முதுகை வேனுக்குக் கொடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். முதுகில் எதுவும் தொடவில்லை.

"ஆறு மணிக்கு ரெண்டு பேர் ஏர்போர்ட் போகணும்ணா" என்ற அபிநயாவின் குரல் படியேறிப் போனது. "டீசல் போட்டுட்டு வந்துடுங்க."

"சரிம்மா" என்றார் ஆதிமூலம். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகர அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.