வெண்ணெய்க் கிண்ணத்தருகே ஒரு கையெழுத்து

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ரொட்டி தின்பது வழக்கம். அன்று ரொட்டி வாங்கி வரும் முறை பேராசிரியர் ஹென்னிங்குடையது. ரொட்டியோடு ஓர் அறிக்கையையும் கொண்டு வந்து வெண்ணெய்க் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தார்.

"பிர்த்தா, கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து போடு. மத்தியானம் கோபன்ஹேகனுக்கு, ஆராய்ச்சிக்குப் பணம் தர்றவங்களுக்கு அனுப்பியாகணும்."

புகைபோக்கியில் வீணாகும் கரியமில வாயுவைக் கண்ணாடிக் கலத்தில் இருக்கும் தண்ணீரில் செலுத்தி, மின்சாரம் பாய்ச்சி, செம்பு வினையூக்கியின் உதவியால் எரிசாராயமாக மாற்றுவதுதான் அவர்கள் வேலை. எட்டு வருடம் கண்ணில் படாத சாராயம் இரண்டு மாதமாக வந்துகொண்டே இருக்கிறது என்றது அறிக்கை. 'அளந்து சரிபார்த்தவர்' என்ற இடம் மட்டும் காலி. அங்கே அளவு பார்ப்பவள் பிர்த்தா.

அவள் கண் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. 'இந்தக் கண்ணாடிக் கலங்களை ஊதிச் செய்து கொடுத்த அய்னரின் நினைவுக்கு' என்று இருந்தது.

அய்னர் அவள் கணவர். மார்ச்சில் போய்விட்டார்.

"வெற்றுச் சோதனை பண்ணலையே, ஹென்னிங். மூணு தடவ கேட்டுட்டேன்."

கரியமில வாயுவுக்குப் பதிலாக, எதனோடும் சேராத ஆர்கான் வாயுவைச் செலுத்திப் பார்ப்பதுதான் வெற்றுச் சோதனை. அப்போது சாராயம் வரக் கூடாது. வந்தால், அது வேறெங்கிருந்தோ வந்தது என்று அர்த்தம்.

"அறிக்கை போகட்டும். அப்புறம் சாவகாசமா பண்ணலாம்."

"கல்யாணம் முடியட்டும், அப்புறம் பொண்ணப் பாக்கலாங்கற மாதிரி இருக்கு."

கலங்களைத் தயார் செய்யும் யெஸ்பர் சிரித்துவிட்டான். ஹென்னிங் பார்த்த பார்வையில் சிரிப்பை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினான்.

ஹென்னிங் குரலைத் தாழ்த்தினார். "அய்னர் இருந்திருந்தா முதல் ஆளா கொண்டாடியிருப்பான். அவன் பேர் நிக்கணும்னு உனக்கு ஆசை இல்லையா?"

அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது.

"அவர் பேர இழுக்காத. கண்ணாடி பொய் சொல்லாது, உள்ள ஊத்துறவன்தான் சொல்லுவான்னு சொன்ன மனுஷன் அவர். எல்லாரும் எழுந்து வாங்க. எட்டு மணிக்கே ஆர்கானத் திறந்து விட்டுட்டேன்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

"உன்ன வேற கூடத்துக்கு மாத்த ஒரு கடிதம் போதும், தெரியுமில்ல?"

"எழுது. கையெழுத்து வேணும்னா அதுல போடறேன். அது ஒண்ணாவது நெசமா இருக்கும்."

அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் நடக்க, மற்றவர்கள் பின்னால் போனார்கள். அளக்கும் கருவியின் திரையில் கோடு தட்டையாக ஓடியது. பிறகு, சாராயத்துக்கு உரிய அதே இடத்தில் மெல்ல எழுந்து, முகடு கட்டி, இறங்கியது. ஏறக்குறைய நேற்றைய உயரம்.

யெஸ்பர் குனிந்து பார்த்தான். "கரண்ட் கூட ஓடலையே!"

"அதையும் நிறுத்திட்டேன்" என்றாள் பிர்த்தா.

அவன் நிமிர்ந்தான். "கலம் சீக்கிரம் காயட்டும்னு ரெண்டு மாசமா சாராயத்தாலதான் கழுவறேன். கலத்துக்கு நடுவுல தடுப்பா இருக்கற சவ்வு அத உறிஞ்சி வெச்சிருக்கு... நான் கழுவினதத்தான் நாம கண்டுபிடிச்சிருக்கோம்."

ஹென்னிங் திரையிலிருந்து திரும்பினார்.

"சந்தேகம் இருந்துச்சு," என்றார். "அதனாலதான் சோதனையத் தள்ளிப் போட்டேன்."

பிர்த்தா பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில் கணவரின் பெயர் இருந்த வரியை மட்டும் அடித்தாள். கோடு நேராக விழுந்தது. அறிக்கையை ஹென்னிங்கிடமே நீட்டினாள். அவர் அதை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"இனிமே கலத்த எதால கழுவறது?" என்றான் யெஸ்பர் மெதுவாக.

"தண்ணியால" என்றாள் பிர்த்தா. ஹென்னிங்கின் பக்கம் திரும்பினாள். "எட்டு வருஷம் தோத்தோம். ஒரு நாளாவது தலை குனிஞ்சோமா? தோக்கறது அவமானம் இல்ல. சோதிக்கப் பயப்படற ஜெயம்தான் அவமானம். அதுக்கு உசிரோட இருக்கறவங்க கையெழுத்தும் கிடையாது, செத்தவங்க பேரும் கிடையாது."