எழுபத்தாறாம் தாங்கியின் கோல் கணக்கு

1956ஆம் ஆண்டு யூன் மாதம் பதினான்காம் திகதி காலை ஒன்பது முப்பத்தாறுக்கு, சீனன்குடாக் காட்டில் வெறுமையாகக் கிடந்த எழுபத்தாறாம் எண்ணெய்த் தாங்கிக்குள் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் பேர் ஒரேயடியாகக் கத்தினார்கள். காவற்காரர் கனகசுந்தரம் சைக்கிளை ஒரு பாலை மரத்தில் சாத்திவிட்டு, தாங்கியின் அடிப்பக்கத்தில் ஆள் குனிந்து நுழையும் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே துருவும் இரண்டு வௌவால்களும் இருந்தன. பதினொன்றேகாலுக்குள் இன்னும் ஆறு தடவை கத்தல் எழுந்தது. அவர் காவற் புத்தகத்தில் எழுதினார்: "பெரும் இரைச்சல் ஏழு. யானை இல்லை. திருடர் இல்லை. தாங்கிக்குச் சேதமில்லை." கந்தோரில் வெள்ளைக்கார அதிகாரி அதைப் படித்துக் கையொப்பம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். சேதமில்லை என்றால் கந்தோருக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அடுத்த வருடம் இரைச்சல் இரண்டு, அதற்கடுத்த வருடம் ஐந்து, பிறகு மறுபடி இரண்டு. இடையில் ஆங்கிலேயர் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். தாங்கிகள் யாருடையவை என்பது கொழும்பில் மாறிக்கொண்டே இருந்தது, காவற்காரர் மட்டும் மாறவில்லை. 1960 மே மாதத்தில் தாங்கி பத்துத் தடவை இரைந்தது. அந்தக் கிழமை தேயிலை ஏற்ற வந்திருந்த கப்பலொன்றில் ஸ்கொட்லாந்து இஞ்சினியர் ஒருவர் இருந்தார். ஐரோப்பாவின் உதைபந்தாட்டக் கழகங்களில் எது பெரிது என்று தீர்க்கும் கிண்ணத்தின் இறுதியாட்டம் தன்னுடைய ஊரான கிளாஸ்கோவில் நடந்ததாகவும், ஏழுக்கு மூன்று என்று முடிந்ததாகவும், ஒரு இலட்சத்து இருபத்தேழாயிரத்து அறுநூற்று இருபத்தொரு பேர் பார்த்ததாகவும், பார்க்கக் கிடைக்காத பாவி தான் ஒருவன்தான் என்றும் சந்தையில் கண்டவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டு திரிந்தார். கனகசுந்தரம் அவரைக் கூட்டிப்போய்ப் புத்தகத்தைக் காட்டினார். இருவரும் பின்னோக்கி ஒப்பிட்டார்கள். ஐந்து வருடமும் பிசகாமல் பொருந்தியது, ஐந்து வருடமும் ரியல் மட்றிட் என்ற ஒரே கழகமே வென்றிருந்தது. அங்கே மாலையில் நடந்தது இங்கே மறுநாள் காலையில் கேட்கிறது. அவ்வளவு தூரம் வருவதற்கு ஓர் இரவு எடுக்கத்தானே செய்யும் என்றார் கனகசுந்தரம். இஞ்சினியரும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

அவரிடம் சொல்லாத ஒன்று கனகசுந்தரத்திடம் இருந்தது. அன்றைய பத்து இரைச்சலும் அடங்கும் ஒவ்வொரு முறையும், கடைசியாக ஒரு தனிக்குரல் தமிழில் கேட்டது: "கையில பட்டுத்தானே போச்சு!" அந்தக் குரலைத் துறைமுக மைதானத்துக்குப் போன எல்லோருக்கும் தெரியும். கிண்ணியா அபூதாஹிருடையது. கடற்படைத் தளத்தில் வேலை செய்துகொண்டு, ஓய்வுநாட்களில் கோல் காப்பாளராக நின்றவர். கடற்படை அணியோடு ஆடிய ஆட்டமொன்றில் விரல் நுனியில் பட்ட பந்து உள்ளே போனதிலிருந்து, யாருக்கு எங்கே கோல் விழுந்தாலும் அந்தக் காப்பாளருக்காக இரங்கி அவர் அதையேதான் கத்துவார். தளம் கைமாறியபோது வேலை போய், 1958 தையில் ஒரு கப்பலில் சமையலுக்கு உதவியாளாக ஏறினார். மனைவி ஜெமீலா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. இரண்டு வருடத்தில் வருவதாகச் சொன்னவரிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன, பிறகு ஒன்றும் வரவில்லை.

அடுத்த வருடம் கனகசுந்தரம் கிண்ணியாவுக்கு ஆளனுப்பி ஜெமீலாவை வரவழைத்தார். அது ஆட்கள் நுழையக் கூடாத இடம். ஆகவே முறைப்படி பதிந்துகொண்டார்: "வந்தவர்: ஜெமீலா. காரணம்: கணவர்." அன்று ஐந்து கோல். முதலாவதுக்கு ஜெமீலா அழுதாள், மூன்றாவதுக்குச் சிரித்தாள், ஐந்தாவதுக்குத் தாங்கியைச் செருப்பால் அடித்தாள். உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷமும், உயிரோடு இருந்துகொண்டுதானே வராமல் இருக்கிறார் என்ற ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் கிண்ணியாத் துறையில் ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதையில் ஏறும்வரை இருந்தது. சந்தோஷம் அடுத்த மே மாதம் வரை தாக்குப் பிடித்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவள் போனாள். இரண்டு பேர் பெண் கேட்டு வந்தபோதும், புருஷன் கத்திக்கொண்டிருக்கும்போது எப்படி என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். மகள் ரபீக்காவை மட்டும் ஒருநாளும் கூட்டிப் போகவில்லை. தகப்பன் என்றால் ஓர் இரைச்சல் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது என்பது அவள் பயம்.

வருடங்கள் போயின. 1962இல் எட்டுக் கோல். 1965இல் மிலான் நகரத்து மழை தாங்கிக்குள் பெய்தது. வெளியே கச்சான் என்னும் வறட்டுக் காற்றில் நிலம் வெடித்துக் கிடக்க, தாங்கியின் வாயால் தண்ணீர் வழிந்து ஜெமீலாவின் சேலையை நனைத்தது. அவ்வளவு நனைந்தும் அன்று கேட்டது ஒரே ஒரு கோல்தான். 1974இல் ஆட்டம் சரிசமமாக முடிந்து, வரலாற்றில் முதல் தடவையாக இறுதியாட்டம் இரண்டு நாள் கழித்துத் திரும்ப ஆடப்பட்டது. முதல் ஆட்டத்துக்கு நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்று இருபத்திரண்டு பேர், இரண்டாவதுக்கு இருபத்து மூவாயிரத்து முன்னூற்று இருபத்தைந்து பேர். இரண்டாவதில் விழுந்த நான்கு கோலுக்கும் குரல் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்ட இருபத்தையாயிரத்து முன்னூற்றுத் தொண்ணூற்றேழு பேரில் அபூதாஹிரும் ஒருவர் என்று கனகசுந்தரம் கழித்துக் காட்டி ஜெமீலாவைத் தேற்றினார். ஒவ்வொரு நகரத்துக்கும் அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கப்பலில் போனவர்தானே.

1978இல் ரபீக்காவுக்கு இருபது வயது நெருங்க, மூதூரில் இஞ்சின் திருத்தும் லாபிரோடு கலியாணம் பேசி முடிந்தது. இருவருக்கும் விருப்பம். அப்போதுதான் சிக்கல் முளைத்தது. நிக்காஹ்வுக்குப் பெண்ணைக் கொடுக்க உரிமையுள்ள ஆண், வலீ, வேண்டும். தகப்பன் இருந்தால் தகப்பன். அவர் உயிரோடு தூரதேசத்தில் இருந்தால் காதி நீதவான் அந்த இடத்தில் நிற்கலாம். இறந்துவிட்டார் என்றால் உரிமை தகப்பனின் அண்ணன் முஹம்மது தம்பிக்குப் போகும். முஹம்மது தம்பிக்கு லாபிரைப் பிடிக்காது, ரபீக்காவைத் தன் மகனுக்கு எடுக்க வேண்டும் என்று அவர் நெடுநாளாக நினைத்திருந்தார். "இருபது வருஷமா ஒரு கடுதாசி இல்ல. தம்பி மௌத்தாகிட்டான். தாங்கி கத்துறத்தை வெச்சு மையத்தை எழுப்ப ஏலாது" என்று காதியிடம் முறைப்பாடு வைத்தார். காதி இரு தரப்பையும் கேட்டு, தாங்கியையும் கேட்பது என்று தீர்மானித்தார்.

மே பதினோராம் திகதி காலை தாங்கியடியில் ஐந்து கதிரைகள் போடப்பட்டன. காதி, இரண்டு சாட்சிகள், முஹம்மது தம்பி, ஜெமீலா. ரபீக்கா கதிரை வேண்டாமென்று தாய்க்குப் பின்னால் நின்றாள். ஒன்பதரைக்கு லண்டனின் தொண்ணூற்றிரண்டாயிரத்து ஐந்நூறு பேர் தாங்கிக்குள் வந்து சேர்ந்தார்கள். ஜெமீலா விரல்களைப் பின்னிக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு காலத்தில் பத்துக் கோல் விழுந்த போட்டி வரவரக் கஞ்சத்தனமாகிவிட்டதை அவளைப் போல அறிந்தவர் எவருமில்லை. பாதி நேரம் முடிந்தும் ஒன்றும் விழவில்லை. முஹம்மது தம்பி வெற்றிலைப் பொட்டலத்தை அவிழ்த்தார். கோலே விழாமல் போனால் அபூதாஹிர் கத்தமாட்டார், கத்தாதவர் சட்டப்படி இறந்தவர். பத்து ஐம்பதுக்கு, அறுபத்துநான்காவது நிமிடத்தில், தாங்கியின் இரும்புத் தகடுகள் அதிர இரைச்சல் எழுந்தது. அது அடங்கியதும், "கையில பட்டுத்தானே போச்சு!"

சாட்சிகள் தலையசைத்தார்கள். முஹம்மது தம்பி அசரவில்லை. "இதைக் கிண்ணியாவில சின்னப் பிள்ளையளும் கத்துது. ஆர் கத்தினதெண்டு ஆருக்குத் தெரியும்?" அதில் நியாயம் இருப்பதாகக் காதிக்குப் பட்டது. இன்னொரு தரம் கேட்டால் எழுதிவிடலாம் என்றார். ஆனால் அன்று இன்னொரு கோல் விழவில்லை. ஆட்டம் முடிந்து விசில் ஊதி, சனம் எழும்பும் சத்தமும் கேட்டது. காதி பேனையை மூடினார்.

பதினெட்டு வருடமாக எல்லோரும் அந்தத் தாங்கிக்குக் கேட்கத்தான் வந்தார்கள். அதனோடு பேசலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ரபீக்கா முன்னால் போய், தாங்கியின் வாய்க்குள் முகத்தை வைத்து, "வாப்பா!" என்று கூப்பிட்டாள். தொண்ணூற்றிரண்டாயிரம் பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

"ஆரது?"

"ரபீக்கா. உங்கட மகள். எனக்கு நிக்காஹ் பேசியிரிக்கு, நீங்க சம்மதம் சொல்லணும்."

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "மாப்பிள்ளை ஆரு?"

"மூதூர் லாபிர்."

"பந்தடிப்பாரா?"

"ஓம். கோல்ல நிக்கிறவர்."

"பாவம்," என்றது குரல். "சம்மதம் மகள். முழுச் சம்மதம்."

முஹம்மது தம்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பினார். தம்பியின் குரலைத் தனக்குத் தெரியாதா என்று யாரும் கேளாமலே சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. முதல்நாள் முடிந்த ஆட்டத்திலிருந்து ஒருவர் எப்படி இன்று பதில் சொல்லலாம் என்பது தன் அதிகாரத்துக்கு வெளியே என்று கருதிய காதி, வலீயின் வாய்ச்சம்மதம் இரு சாட்சிகள் முன் கிடைத்ததாகப் பதிந்தார். இருப்பிடம் என்ற இடத்தில் சற்று யோசித்து, "மைதானம்" என்று எழுதினார்.

உள்ளே சனம் கலையத் தொடங்கியிருந்தது. ஜெமீலா மகளை விலக்கிவிட்டு வாயருகே குனிந்தாள். சொல்வதற்கு இருபது வருடக் கதை இருந்தது, நேரம் இருக்கவில்லை. "இஞ்சேருங்க, அம்பத்தைஞ்சு கோலுக்கு உங்கட சத்தத்தைக் கேட்டனான். வருஷா வருஷம் நான்தான் வந்தனான். இனி வரமாட்டன். நீங்க வாங்க."

பதில் வந்ததா என்பதில் சாட்சிகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

கலியாணம் அடுத்த மாதம் நடந்தது. 1979 மே கடைசியில் கனகசுந்தரம் தனியாகத் தாங்கியடியில் இருந்தார். பத்தேகாலுக்கு இரைச்சல் ஒன்று எழுந்து அடங்கியது. அதன் பின் குரல் இல்லை. மத்தியானம் வரை பார்த்திருந்துவிட்டு, செத்த வீட்டுக்குப் போகிறவரைப் போல வெள்ளை வேட்டி உடுத்துக்கொண்டு மிதவைப் பாதையேறிக் கிண்ணியாவுக்குப் போனார். ஜெமீலா குசினிக்குப் பின்னால் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கோல் விழுந்தது. அவற்ர சத்தம் கேக்கேல்ல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. "அப்ப வெளிக்கிட்டுட்டார் அண்ணன்," என்றாள்.

முஹம்மது தம்பி இறந்தவருக்கான கத்தம் ஓத அரிசி அனுப்பினார், ஜெமீலா திருப்பி அனுப்பினாள். 1980இலும் 1981இலும் ஒவ்வொரு கோல்தான், குரல் இல்லை. 1982இலும் அதே. தொடர்ந்து ஐந்து இறுதியாட்டங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது அந்தக் கிண்ணத்தின் சரித்திரத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. குரல் என்ற நிரலில் கனகசுந்தரம் நான்கு வருடமும் "வழியில்" என்றே எழுதினார், கந்தோரும் கையொப்பம் வைத்தது. அபூதாஹிர் வந்துகொண்டிருக்கிறார் என்பதில் கிண்ணியாவில் யாருக்கும் சந்தேகமில்லை, எந்தக் கப்பலில் என்பதில்தான் கதை இருந்தது. ஜெமீலா தாங்கிப் பக்கம் போவதை மட்டுமல்ல, பகலில் அயல்வீட்டுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டாள். வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து மனுஷன் வந்துவிடக் கூடாதே என்றாள்.