கோதண்டபாணியின் புதுமாடல் வண்டி

கோதண்டபாணி புதுச்சேரியில் பொக்லைன் வண்டியை வாங்கியபோது அது ஏற்கெனவே இரண்டு கை மாறியிருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருடத்து வண்டி. இரண்டாயிரத்து ஆறில் அது விருத்தாசலம் வந்து சேர்ந்ததும், பளபளவென்று மஞ்சள் அடித்து, புது மாடலின் ஸ்டிக்கரை இரண்டு பக்கமும் ஒட்டி, கீழே '2005' என்று கொட்டை எழுத்தில் எழுத வைத்தார். கனகசபாபதியின் செராமிக் கம்பெனிக்குக் களிமண் வெட்டித் தரும் வேலை அந்த ஸ்டிக்கருக்காகத்தான் கிடைத்தது.

ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு வண்டியின் பெரிய கை மண்ணைத் தூக்கிக்கொண்டு மேலே போய், லாரியைப் பார்த்ததும் மனசு மாறியதுபோல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. கையைத் தூக்கும் சிலிண்டரின் வாயிலிருந்து எண்ணெய் சொட்டியது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது, புது சீல் கிட்டு வாங்கிப் போட்டால் அரைநாளில் முடிந்துவிடும் என்றான் ஆபரேட்டர் விருத்தகிரி.

ஜங்ஷன் ரோட்டு உதிரிபாகக் கடையை நடத்திக்கொண்டிருந்தவள் கயல்விழி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். நாலு கேள்வி கேட்காமல் ஒரு வாஷர்கூடத் தரமாட்டாள் என்று ஊரில் பெயர். என்ன மாடல், எந்த வருஷம், சிலிண்டருக்குள் போய்வரும் ராடு எத்தனை மில்லி என்று வரிசையாகக் கேட்டாள். கோதண்டபாணி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பக்கத்து ஸ்டூலில் கனகசபாபதி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாயிரத்து அஞ்சும்மா. புது மாடலு."

"ராடை அளந்தீங்களாண்ணா?"

"புது வண்டிய எதுக்கும்மா அளக்கணும்?"

புது மாடலுக்கு உரிய கிட்டை அவள் கொடுத்தாள். மாட்டிப் பார்த்தபோது, அதுவரை சொட்டிக்கொண்டிருந்த எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தது. விருத்தகிரிக்குத் தலையோடு அபிஷேகம். கோதண்டபாணி கடைக்குப் போய், கிட்டு டூப்ளிகேட் என்று சத்தம் போட்டு வேறு கம்பெனி கிட்டு வாங்கி வந்தார். அதுவும் ஊற்றியது. அடுத்து வெளிநாட்டுக் கிட்டு. அது இன்னும் தாராளமாக ஊற்றியது.

மூன்றாவது முறை அவர் சத்தம் போட்டதும், கயல்விழி அளவுக்கருவியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் களிமண் குழிக்கே வந்துவிட்டாள். பழைய சீலை வைத்து அளக்கலாமே என்றான் விருத்தகிரி. எண்ணெயில் ஊறி உப்பியிருக்கும், அது காட்டும் அளவை நம்ப முடியாது என்று சொல்லி, ராடைத் துணியால் துடைத்து அளந்தாள். வேலை ஏன் நிற்கிறது என்று பார்க்க வந்த கனகசபாபதியும் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இது அம்பது மில்லிண்ணா. நீங்க வாங்கினதெல்லாம் அறுபது. அம்பது வர்றது பழைய மாடல்லதான்."

கோதண்டபாணி பக்கத்தில் நின்ற கனகசபாபதியைப் பார்த்தார். வாய் தன்பாட்டுக்குப் பேசியது. "அது ஸ்பெஷலும்மா. புது வண்டியில பழைய சிலிண்டரு வேணும்னு கம்பெனிக்குச் சொல்லி வச்சி வாங்கினேன். ஒல்லியா இருந்தாத்தான் ஒழைக்கும்."

கனகசபாபதி பலமாகத் தலையாட்டினார். கயல்விழி கருவியைப் பெட்டிக்குள் வைத்தாள். ஸ்கூட்டியில் ஏறும்போது, "என்கிட்ட எது வேணா சொல்லுங்கண்ணா. சிலிண்டருகிட்ட சொல்ல முடியாது" என்று கோதண்டபாணிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

ஐம்பது மில்லி கிட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. தூக்கிய கை தூக்கியபடி நின்றது. ஆனால் அந்த வாரமே ஒல்லி சிலிண்டரின் பெருமை சேத்தியாத்தோப்பு வரைக்கும் போய்விட்டது. நிஜமாகவே புது வண்டி வாங்கியிருந்த பத்ரிநாராயணன், தன்னை ஏமாற்றிப் பருத்த சிலிண்டரைத் தலையில் கட்டிவிட்டதாக வண்டி விற்றவரிடம் சண்டைக்குப் போனார். ஐம்பதுதான் வேண்டும் என்று ஏழெட்டுப் பேர் கயல்விழியின் கடையை மொய்த்தார்கள். வண்டி உரிமையாளர் சங்கத்தார் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, சீல் கிட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசக் கோதண்டபாணியை அழைத்தார்கள்.

மைக் முன்னால் நின்றவரின் கண்ணில், முன்வரிசையில் சோர்ந்து உட்கார்ந்திருந்த கயல்விழி பட்டாள். எழுதிக் கொண்டுவந்த பேச்சை அவர் மடித்துவிட்டார். வண்டி எந்த வருஷமோ அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ராடை அளக்க வேண்டும், கடைக்காரப் பெண் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றார். பிறகு, "என் வண்டி தொண்ணூத்தெட்டுங்க. ஸ்டிக்கரு நான் ஒட்டினது" என்றார்.

மண்டபம் அதிரச் சிரித்தது. இவ்வளவு விஷயம் தெரிந்தும் எவ்வளவு தன்னடக்கம் என்று தலைவர் பொன்னாடை போர்த்தினார். பழமலைநாதர்மேல் சத்தியமாக என்று கோதண்டபாணி சொன்னபோது கைத்தட்டல் கூடியது. கயல்விழி ஒருத்திதான் தட்டவில்லை.

மறுநாள் காலை அவர் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கனகசபாபதியிடம் போய், வருஷம் போட்டிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கனகசபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"புது வண்டிக்கு ஆர்.சி.லயே பழைய வருஷம் போட்டு வாங்கியிருக்கீங்களே, யார் மூலமா முடிச்சீங்க?"

கோதண்டபாணி புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குழிக்குக் கிளம்பினார். அன்றைக்கு எட்டு லோடு மண் அள்ள வேண்டியிருந்தது.