செருப்பை எண்ணும் முறை

மதியம் பன்னிரண்டே காலுக்கு அக்கா வேனில் உட்கார்ந்தபடியே வயிற்றில் இன்சுலின் ஊசியைக் குத்திக்கொண்டாள். பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு என்று வரலாறு சொல்லியிருந்தார். அதை நம்பியது அன்றைக்கு நடந்த முதல் தப்பு. இரண்டாவது தப்பு என்னுடையது.

வரலாறு என்பது அவருடைய முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே 'தொன்மைத் தேடல் குழு' என்று ஒன்றை ஆரம்பித்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று நாற்காலிகளிலும் தானே உட்கார்ந்துகொண்டார். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு வேன் பிடித்து, கிராமம் கிராமமாகப் பழைய கோயில்களைக் காட்டுவார். ஒரே நாளில் ஒன்பது கோயில். ஆயிரம் வருஷத் தூணை, ஏதோ தான் பதிவு செய்து கொடுத்த சொத்து மாதிரித் தடவிக்கொடுப்பார்.

கூட்டத்தை மேய்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஆளை எண்ணமாட்டார், வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவார். ஒரு ஜோடிகூட இல்லையென்றால் எல்லோரும் வேனுக்குப் போயாயிற்று என்று கணக்கு. "தலையை எண்ணினா தலை நகருது சார். செருப்பு நகராது" என்பார். அந்தப் பக்கத்துக் கோயில் காவல்காரர்களும் செருப்பைப் பார்த்துத்தான் கதவைப் பூட்டுவார்கள் என்பதில் அவருக்குக் கூடுதல் பெருமை.

ஐந்தாவது கோயில் பொட்டல் காட்டின் நடுவில் தனியாக நின்றது. பத்து நிமிஷம் என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனவர் ஒரே ஒரு தூணுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசினார். அக்கா என் விலாவில் இடித்தாள்.

"இந்தத் தூண் இன்னும் ஆயிரம் வருஷம் நிக்கும்டா. நான் நிக்கமாட்டேன். பின்னாடி போய் உக்காரறேன்."

நான் வெளியே நழுவினேன். உச்சி வெயிலில் அக்காவின் ரப்பர் செருப்பு உருகாத குறையாகக் கிடந்தது. கால் சுடுமே என்று எடுத்துக்கொண்டுபோய் எங்கள் வேனின் சீட்டுக்கு அடியில் நிழலாக வைத்தேன். அவள் வெளியே வரும்போது கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எண்ணம். அதற்குள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் என்னைத் திட்டாமல் இருக்க முடியாத ஒரு மேலாளர் எனக்கு உண்டு. திட்டு வாங்கி முடிப்பதற்குள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். எங்கள் வேனில் அக்கா இல்லை. காலையிலிருந்தே அவள் தன் சிநேகிதியோடு அரட்டையடிக்க அந்த வேனுக்கும் இந்த வேனுக்கும் மாறிக்கொண்டிருந்தாள். அதில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வரலாறு வாசலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "போகலாம், ரைட்!" என்றார்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துச் சாப்பாட்டுக் கடை வாசலில் இறங்கினோம். மணி ஒன்று முப்பத்தைந்து. அக்காவின் சிநேகிதி அடுத்த வேனிலிருந்து இறங்கி வந்தாள்.

"எங்கேப்பா அவ? உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தா?"

அக்காவின் நம்பரை அழுத்தினேன். மணி எங்கள் வேனுக்குள்ளேயே அடித்தது. சீட்டுக்கு அடியில் அவள் கைப்பை. பையை ஒட்டி அவள் செருப்பு.

ஊசி போட்டு ஒரு மணி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஊசி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், சோறு வந்ததா வரவில்லையா என்று அது பார்க்காது. போன வருஷம் இப்படிச் சர்க்கரை இறங்கியபோது பக்கத்திலேயே நாங்கள் நான்கு பேர் இருந்தும் அவளை எழுப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

"அண்ணே, வண்டியைத் திருப்புங்க!" என்று கத்தினேன். டிரைவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சிநேகிதி கையில் கிடைத்த சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஏறினாள். வரலாறும் ஏறினார்.

"பதட்டப்படாதீங்க சார். நானே வாசலைப் பார்த்தேன். ஒரு ஜோடி இல்லை. முறைப்படி..."

"உங்க முறையைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க!" என்று சிநேகிதி பாய்ந்தாள். "பத்து நிமிஷம்னு சொல்லிட்டு, அந்தத் தூணைக் கட்டிக்கிட்டு முக்கால் மணி நேரம்! அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பேரைத் தூண்லயே செதுக்கி வைக்கறேன்."

வரலாறு வாயை மூடினார். அவர் வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நானோ காலால் அந்தச் செருப்பைச் சீட்டுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். காவல்காரர் செருப்பைப் பார்த்துப் பூட்டுவார். செருப்பு இல்லை. அப்படியென்றால் பூட்டியிருப்பார். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்.

பூட்டித்தான் இருந்தது. இரும்புக் கம்பிக் கதவு, அதில் உள்ளங்கை அகலப் பூட்டு. பக்கத்தில் பளிங்குக் கல்லில் பதினான்கு பிரமுகர்களின் பெயர், பட்டம், பதவி. சாவி யாரிடம் என்று ஒரு எழுத்தும் இல்லை.

"அக்கா! அக்கா!"

உள்ளேயிருந்து என் குரலே திரும்பி வந்தது. டிரைவர் ஜாக்கி கம்பியோடு ஓடிவந்தார். வரலாறு குறுக்கே கை நீட்டினார்.

"இருங்க, இருங்க! காவல்காரரை நான் கூட்டிட்டு வரேன். இந்தப் பூட்டு முன்னூறு வருஷத்துப் பூட்டு. பாதுகாக்கப்பட்ட சின்னம். கை வெச்சா வழக்கு வரும்!"

டிரைவர் பூட்டைத் திருப்பிக் காட்டினார். "கம்பெனி பேரும் ஐஎஸ்ஓ முத்திரையும் போட்டிருக்கு ஐயா. முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி ஐஎஸ்ஓ குடுத்தது யாரு? தள்ளுங்க."

நான்காவது நெம்பலில் கொண்டி பெயர்ந்தது.

அக்கா கடைசி மண்டபத்தில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"சில்லறை இருக்கா?" என்றாள், நாக்கு குழற. இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். "இல்லைன்னா இறங்கு. விசில் அடிச்சாச்சு."

"அக்கா, நான்தான்கா."

"யாரா இருந்தா என்ன? இறங்குடா."

டிரைவர் தன் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றினார். அதில் எப்போதும் நாலு ஸ்பூன் சர்க்கரை போடுகிறவர். முதல் வாயை அக்கா என் சட்டை மேல் துப்பினாள். இரண்டாவதை வாயிலேயே வைத்திருந்தாள். விழுங்குவாளா, புரையேறுமா என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்தோம். தொண்டை அசைந்தது. சிநேகிதி அக்காவின் கைப்பையிலிருந்த சர்க்கரை மீட்டரை எடுத்து, அவள் விரலைக் குத்தி அதில் வைத்தாள். நாற்பத்தொன்று. இன்னும் கொஞ்சம் டீ. கால் மணி நேரம் காத்திருந்தோம். ஐம்பத்தெட்டு. மறுபடி டீ, மறுபடி காத்திருப்பு. எண்பத்துமூன்று.

"ஏன்டா சட்டையெல்லாம் டீ?" என்றாள் அக்கா.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள், வேன் திரும்பி வந்ததைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் காவல்காரர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார். "வாசல்ல செருப்பே இல்லையே சார்!" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சிநேகிதி வரலாற்றை முறைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் யாரோ தொலைத்த பொருள் மாதிரி இருந்தது.

"தப்பு என்னுதும்மா. ஆளை எண்ணியிருக்கணும். குழுவை இன்னையோட கலைச்சுடறேன்."

அக்கா குறுக்கிட்டாள். "நான் வெளியே வந்தேன்பா. செருப்பைக் காணோம். கல்லு அடுப்பு மாதிரி சுட்டுது. யாராவது கொண்டு வருவீங்கன்னு உள்ளே வந்து உக்காந்தேன். எந்தப் புண்ணியவான் எடுத்தானோ."

எல்லோரும் காவல்காரரைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த மனிதர் அதை மறுக்கக்கூடத் தெரியாமல் நின்றார்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "சுடுமேன்னு வேன்ல கொண்டுபோய் வெச்சேன். அப்புறம் போன்ல மறந்துட்டேன்."

சிநேகிதி எனக்காக ஒரு வசவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வரலாறு கண்ணாடியை மாட்டினார். முதுகு நிமிர்ந்தது.

"அப்போ முறையில தப்பு இல்லை! பாருங்க, முறை சரி, அதைக் கையாண்ட தனிமனிதர்தான்... இதை நம்ம ஆண்டு மலர்ல ஒரு கட்டுரையாவே..."

"அவர் பேசட்டும்டா" என்றாள் அக்கா. "நீ சோத்தைப் போடு."

பொட்டலத்தைப் பிரித்தேன். என் கை ஆடிய ஆட்டத்தில் பாதிச் சோறு அவள் மடியில் விழுந்தது. அக்கா ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மடியில் விழுந்ததையும் விடாமல் பொறுக்கிச் சாப்பிட்டாள்.