தேயாத பெட்டி

“குழந்தை பேரு என்னங்க போட?”

“பேரெல்லாம் வைக்கல. தாமரைச்செல்வியோட குழந்தைன்னு போட்டுக்கங்க.”

நான்கு வருடங்களுக்கு முன், ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே தன் கணவன் சூரியபிரகாஷ் நர்ஸிடம் இப்படிச் சொன்னதைத் தாமரைச்செல்வி கட்டிலில் படுத்தபடி கேட்டாள். இரண்டே நாள் உயிரோடு இருந்த பெண் குழந்தை. அந்த இரண்டு நாளும் கண்ணை அகலத் திறந்து எல்லாரையும் பார்த்தது. அதற்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயரால் பிள்ளையைக் கூப்பிடச் சொல்லி அவனிடம் கேட்க இன்றுவரை வாய் எழவில்லை. பெயரில்லாத பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவும் இல்லை.

சமயநல்லூர் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் எழுத்துருக்கள் வரைந்து கொடுப்பது அவள் வேலை. இந்த முறை எடுத்துக்கொண்டது, வாடிப்பட்டியில் அச்சகம் வைத்திருந்த மாமனாரின் ஈய எழுத்து. தடித்தும் மெலிந்தும் ஓடி, முடிகிற இடத்தில் சின்னதாகக் கால் ஊன்றி நிற்கும். அவர் காலத்துக்குப் பிறகு அங்கேயே ஃப்ளெக்ஸ் கடை போட்ட கொழுந்தன் அழகுபாண்டி, எல்லாவற்றையும் பரணில் ஏற்றியிருந்தான். ஒரே வடிவ எழுத்து இரண்டு பெட்டிகளில் இருந்தது. ஒன்றில் எல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தன. மற்றதில் முனைகள் இன்னும் கூர்மையாக இருந்தன. கூர்மையானதை எடுத்து வந்து, ஒவ்வொன்றாக மை தடவித் தாளில் ஒற்றி, ஸ்கேன் செய்து, வளைவுகளைத் திரையில் வரைந்தாள். ஆறு மாதம் பிடித்தது.

எழுத்து அழகாகத்தான் வந்தது. ஆனால் ‘வருக’ என்று அடித்தால், யாரோ கிளம்பிப் போன வாசல் போல இருந்தது. ‘பால், தயிர், தக்காளி’ என்று அடித்துப் படித்தாலும் குரல் தானாகத் தணிந்தது. பட்டப்பகலில், ரோட்டில் லாரிகள் இரைந்து போகும்போதே, முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று கூடவே படிப்பது போலிருக்கும். ஒரு நாள் மனதிலிருந்த பெயரை அடித்தாள். அது மட்டும், வெகுநாள் அங்கேயே குடியிருந்தது போல, பொருந்தி உட்கார்ந்தது. பயந்து அழித்தாள். மறுநாளும் அடித்தாள். அன்றும் அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு வந்த அழகுபாண்டி, மாடியில் பெட்டியைப் பார்த்ததும் அறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

“மதினி, இதையா தூக்கிட்டு வந்தீக? இது எழவுப் பெட்டி!”

“என்னப்பா சொல்ற?”

“கருமாதிப் பத்திரிகைக்குன்னு அப்பா தனியா வச்சிருந்தது. கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் இன்னொண்ணு. இதத் தொட்டா மஞ்சத் தண்ணியில கை கழுவிட்டுத்தான் அதத் தொடுவாரு. ஒரு எழுத்து மாறி விழுந்தாலும் எங்க மண்டையில கொட்டு.”

“அதான் அது அம்புட்டுத் தேஞ்சிருக்கா?”

“பின்ன? கல்யாணத்துக்கு ஆயிரம் அடிப்பாக, கருமாதிக்கு நூறு போதும்ல? இனி ஊரே இதுல கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகுது. நல்லா வச்சீக மதினி ஆப்பு!”

சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனான். பின்னால் வந்து நின்றிருந்த சூரியபிரகாஷ் சிரிக்கவில்லை.

“அழிச்சிரு செல்வி.”

“ஆறு மாச வேலைங்க.”

“அந்தத் தேஞ்ச பெட்டிய நான் போய் எடுத்துட்டு வாரேன். மொதல்லேருந்து பண்ணு. எழவு எழுத்த வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு...”

அவன் திரையைப் பார்க்காமல் சுவரையே பார்த்தான்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். எத்தனையோ பேரின் பெயர்கள் இதிலிருந்து கோக்கப்பட்டு, அச்சானதும் பிரிக்கப்பட்டு, மறுபடி இதற்குள்ளேயே வந்து விழுந்திருக்கின்றன.

“நம்ம பாப்பாவுக்கு எந்தப் பெட்டிங்க?”

அவன் சட்டென்று திரும்பினான். பாப்பா என்ற சொல் அந்த வீட்டில் கேட்டு நான்கு வருடமாகியிருந்தது.

“ரெண்டுலயும் ஒரு எழுத்துகூட அவளுக்குன்னு எடுக்கல. பொறந்ததையும் யாருக்கும் சொல்லல, போனதையும் சொல்லல.”

கீழே குக்கர் விசில் அடித்தது. அவன் மேசையைப் பிடித்தபடி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

“பேரு வச்சா, போனது நெசமாயிரும்னு நெனச்சேன்.”

அவள் அந்தப் பெயரை அடித்தாள். இந்த முறை அழிக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“கயல்விழி. நான் வச்ச பேருங்க. ஒரே ஒரு தடவ, அவள இந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.”