எல்லைப் பலாவின் புதிய வெளியீடுகள்

அதுதான் சொல்கிறேனே, பலா மரத்திலிருந்து வெட்டிய மூன்றாவது சக்கையிலும் டச்சுக்காரர்கள்தான் இருந்தார்கள். ஒவ்வொரு பலாச்சுளைக்குள்ளும் கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிப்பாய். கட்டைவிரல் உயரம், ஈய வார்ப்பு, நீலக் கோட்டு, தோளில் துப்பாக்கி. செல்லபாய் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பிசின் ஒட்டிய விரல்களைத் தேங்காயெண்ணெயால் துடைத்தபடி, "இந்த வருசம் சக்கைக்குரு கூட்டான் வச்ச மாதிரிதான். எல்லாம் பட்டாளமாக்கும்" என்று அடுப்பிடம் சொன்னாள். அவளுடைய கவலை அவ்வளவுதான். மாங்காயும் பலாக்கொட்டையும் சேர்த்து அவள் வைக்கும் குழம்புக்கு அந்தப் பக்கத்தில் நல்ல பெயர். டச்சுக்காரர்களையும் ஒருமுறை வேகவைத்துப் பார்த்திருக்கிறாள். வேகவில்லை.

பாறசாலையிலிருந்து உதியன்குளங்கரைக்குப் போகும் வழியில், செல்லபாயின் கணவர் ராஜையாவின் வீடும், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கிருஷ்ணன்குட்டியின் வீடும் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. மதில் கட்டும்போது எல்லைக்கல்லை ஒட்டியே பலா மரம் நின்றதால், மரத்துக்கு இடம் விட்டு இரண்டு பக்கமும் கட்டினார்கள். எல்லை மரத்துக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ, காய் அந்தப் பக்கத்துக்கு. தாய்த்தடியில் நேர் நடுவில் காய்த்தால் அதை எல்லைக்கல்லில் வைத்துப் பாதிக்குப் பாதி வெட்ட வேண்டும். இதில் சண்டை வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை, ஏனென்றால் அதுவரை உள்ளே இருந்தது கொட்டை.

ராஜையாவின் மகன் பிபினும் கிருஷ்ணன்குட்டியின் மகன் ரெஜியும் பள்ளிக்கூடத்திலிருந்தே பொம்மைச் சிப்பாய் பைத்தியங்கள். பொம்மை என்று சொன்னால் இருவருக்கும் கோபம் வரும்; வரலாற்றுப் படைவீரர் சிற்றுருவம் என்று சொல்ல வேண்டும். பிபினுக்குப் பாறசாலை ரயில் நிலையத்தின் பக்கத்தில் மொபைல் பழுதுபார்க்கும் கடை. ரெஜிக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருவரும் சேர்ந்து வருடத்துக்கு ஒன்றிரண்டு பெட்டி வாங்குவார்கள், நாள் முழுக்க அதைப் பற்றிப் பேசுவார்கள். பிபின் கடையில் ஒரே கண்ணாடி அலமாரியில் இருவருடைய படைகளும் நின்றன. வெளிநாட்டுக் கம்பெனிகள் மாதாமாதம் புதிய வெளியீடு அறிவிக்கும்: ரோமானியர், ரஷ்யக் குதிரைப்படை, பனியில் தொலைந்த பிரெஞ்சுக்காரர். குளச்சல் மட்டும் வராது. திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைக் கடற்கரையில் தோற்கடித்த போர், இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் நடந்த போர், அதற்கு உலகத்தில் ஒரு கம்பெனி ஒரு சிப்பாய்கூட வார்க்கவில்லை. எழுதிக் கேட்டார்கள். வாங்க ஆளில்லை என்று ஒரு கம்பெனி மரியாதையாகப் பதில் போட்டது. அந்தப் பதிலை இருவரும் பலா மரத்தடியில் உட்கார்ந்துதான் சத்தமாக வாசித்துக் குமுறினார்கள். அடுத்த காய்ப்பில் மரம் வார்க்கத் தொடங்கியது.

மரத்துக்கென்று சில முறைகள் இருந்தன, சீக்கிரமே ஊர் அதைப் படித்துக்கொண்டது. இளசாக, இடிச்சக்கையாக வெட்டினால் உள்ளே முகம் தெளியாத புது ஆட்கள், கையில் ஆயுதம் இருக்காது. விளைந்ததை வெட்டினால் சிப்பாய்கள். பழுத்ததை வெட்டினால் இடுப்புப் பட்டையும் இறகுத் தொப்பியுமாக அதிகாரிகள். சுளையைத் தின்றுவிட்டு உருவத்தை எண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் வர்ணம் பளிச்சென்று தெரியும். வாசனை மட்டும் போகாது. பிபினும் ரெஜியும் தபாலில் அனுப்பியதை வாங்கிய ஜெர்மனிச் சேகரிப்பாளர் ஒருவர் அந்த வாசனையைத்தான் அசலுக்கு அடையாளம் என்று எழுதினார். பெல்ஜியத்துக்காரர் ஒருவர் காலுறையில் ஒரு பொத்தான் குறைகிறது என்று வருத்தப்பட்டார். சக்கைக்குள் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதை ஒருவகைப் பெட்டி என்று எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் இல்லாமல் அனுப்புவதைச் சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

வினை எங்கே வந்தது என்றால், ராஜையா பக்கத்துக் கொம்புகளில் எல்லாம் டச்சுக்காரர், கிருஷ்ணன்குட்டி பக்கத்துக் கொம்புகளில் எல்லாம் திருவிதாங்கூர்க்காரர். மரம் இதில் ஒருமுறைகூடத் தவறவில்லை. கிருஷ்ணன்குட்டி சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பயணிகளோடு வாயாடியவர், மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ஓய் ராஜையா, ஒம்ம ஆளுவ எல்லாம் தோக்கப் போறவனுவளாக்கும். பாவம், ஒரு சாயா குடுத்து அனுப்பும்" என்றார். ராஜையா ரப்பர் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தார். ஒரு ஷீட்டைக் கொடியில் போட்டு, சுருக்கம் எடுத்து, பிறகுதான் திரும்பினார். "எக்கும் டச்சுக்காரனுக்கும் ஒரு பெந்தமும் இல்லே. எண்ணாலும் கொம்பு நம்ம கொம்பாக்கும். நம்ம கொம்பில காய்ச்சவன நான் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து, எப்போதோ முடிந்துபோன போரில் ராஜையா தோற்ற பக்கம் சேர்ந்தார். ராஜையாவின் ஞாயிற்றுக்கிழமைச் சபையில் இதுபற்றி யாரும் கேட்கவில்லை, கிருஷ்ணன்குட்டியின் கோவில் திருவிழாவிலும் கேட்கவில்லை. இது மதம் சம்பந்தப்பட்டது இல்லை, கொம்பு சம்பந்தப்பட்டது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்பாக்கள் பேசாமல் போனதை மகன்கள் பெரிதாக எடுக்கவில்லை. அவர்களைப் பிரித்தது வேறு. பிபின் தன் டச்சுக்காரர்களைப் புதிய வெளியீடு என்று இணையச் சேகரிப்பாளர் குழுவில் போட்டபோது, ரெஜி அதன் கீழே, "நீலம் கொஞ்சம் மங்கல்" என்று எழுதினான். உலகம் முழுக்கப் பார்க்கும் குழுவில், சொந்தக் கூட்டுக்காரன், மங்கல் என்று. பிபின் அலமாரியைத் திறந்து ரெஜியின் பங்கை ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கிக் கொடுத்தனுப்பினான். பஞ்சு வைத்தது மரியாதைக்கு. அதன் பிறகு டச்சுப்படை கடையிலும் திருவிதாங்கூர்ப்படை ரெஜியின் கட்டிலுக்கடியிலும் இருந்தன. தனித்தனியாக வெளியிட்டார்கள். ஒரு போரின் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருவரையும் வெளிநாட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிபினும் அதைத்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். மேசையில் டச்சுக்காரர்கள் வரிசையாக நின்று எதிரே ரீசார்ஜ் விளம்பரத்தைக் குறிபார்த்தார்கள்.

அப்போதுதான் தாய்த்தடியில், எல்லைக்கல்லுக்கு நேர் மேலே, ஒரு சக்கை காய்த்தது. தட்டிப் பார்த்தால் வேறு சத்தம். காதை வைத்தால் உள்ளே இரண்டே பேர் மூச்சு விடுவது கேட்டது. சுளைக்கு ஒருவனாக நிறைந்து இரையும் மற்றச் சக்கைகள் மாதிரி இல்லை. பிபினுக்கு அந்த நிமிடமே புரிந்தது: சரணடைதல். டச்சுத் தளபதி வாளை நீட்டுகிறான், திருவிதாங்கூர்ப் படைத்தலைவன் வாங்குகிறான். அந்தப் போரின் நடுத்துண்டு. அது இருந்தால்தான் இரண்டு படையையும் ஒரே மேசையில் வைக்க முடியும், வைத்தால்தான் ரெஜி வந்து பார்ப்பான். ஆனால் வழக்கப்படி நடுவில் கத்தி போட்டால் இரண்டு பேரும் இரண்டு துண்டு. ஒரு வீடு முழுசாக விட்டுக்கொடுக்க வேண்டும்.

பிபின் அப்பாவிடம் கேட்டான். "அப்பா, ஒரு சக்கையாக்கும். அவியளுக்கு குடுத்தா என்ன?"

"குடுக்கலாம் மக்கா" என்றார் ராஜையா. "குடுத்தா, எவன் எவனுக்கு வாள குடுத்தாண்ணு ஊரு கேக்கும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ரெஜியும் இதையே கேட்டான் என்று பிபினுக்குத் தெரியாது. கிருஷ்ணன்குட்டியின் பதில், "ஜெயிச்சவன் போய் கேட்டு வாங்கப்பிடாது. தோத்தவன் கொண்டு தரணும்." வார்டு மெம்பர் விலாசினி வந்து, சக்கையில் காதை வைத்துக் கேட்டு, சேலையில் ஒட்டிய பிசினைப் பார்த்து முகம் சுளித்து, "சக்கைக்கு எண்ணா நான் தீர்ப்பு சொல்லுவேன். பட்டாளத்துக்கு டெல்லியிலதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். செல்லபாயும் கிருஷ்ணன்குட்டியின் மனைவி சரசம்மாவும் மட்டும் மதிலுக்கு மேல் பாத்திரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சரசம்மாவின் தங்கை கள்ளிக்காட்டிலிருந்து கொட்டையுள்ள சக்கை கொடுத்தனுப்பியிருந்தாள். அதில் பாதி இந்தப் பக்கம் வந்தது. எந்தப் படைத்தலைவரும் அதைக் கவனிக்கவில்லை.

வாரங்கள் போயின. சக்கை விளைந்தது, பழுத்தது, அதற்கு மேலும் பழுத்தது. ஈ மொய்த்தது. ராஜையா வாயைத் திறக்கட்டும் என்று கிருஷ்ணன்குட்டியும், கிருஷ்ணன்குட்டி திறக்கட்டும் என்று ராஜையாவும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மரத்தைக் காவல் காத்தார்கள். ஒருநாள் காலை கடைக்குக் கிளம்பிய பிபின் வழக்கம்போல் காதை வைத்தவன், மதிலைப் பிடித்து ஏறி, இத்தனை காலம் பேசாதிருந்ததை மறந்து கத்தினான்.

"எலே ரெஜி! உள்ள இருமுதான்!"

ரெஜி வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்து அந்தப் பக்கத்திலிருந்து காதை வைத்தான். "ரெண்டு பேருமாலே?"

"ஒருத்தன் இருமுதான். மத்தவன் செருமுதான்."

"வயசாயிட்டுலே அவியளுக்கு" என்றான் ரெஜி. பிறகு நுரையைத் துப்பிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நீலம் அப்பிடி ஒண்ணும் மங்கல் இல்லே. நம்ம லேப்பு லைட்டு சரியில்லாததாக்கும்" என்றான்.

அதை முழுசாக இறக்க இருவரும் சாக்கு எடுக்கப் போன நேரத்தில் சக்கை தானாகவே விழுந்தது. எல்லைக்கல்லின் மேல் நேராக விழுந்து, கத்தி போட்டதுபோல் பிளந்து, கூழாகச் சிதறியது. உள்ளே வாள் இல்லை. ஒரு சின்ன பெஞ்சு. அதில் எதிரெதிராகக் காலை மடக்கிப் போட்டு இரண்டு கிழவர்கள். ஒருவனுடைய நீலக் கோட்டு பொத்தான் திறந்து தொப்பை தெரிந்தது. மற்றவன் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தான். இருவர் கையிலும் சீட்டு. பெஞ்சும் ஆட்களும் ஒரே வார்ப்பு, பிரிக்க வழியில்லை. இளசில் புதியவன், பழுத்தால் அதிகாரி. விழும்வரை விட்டால் எல்லாருக்கும் ஓய்வு. மரத்தின் கணக்கில் தப்பில்லை.

கிருஷ்ணன்குட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "நம்ம ஆளு சிரிக்குதான். ஜெயிச்சிட்டான்."

"கையில ஒண்ணும் இல்லாதவனும் சிரிப்பான் ஓய்" என்றார் ராஜையா. அவரும் குனிந்திருந்தார். இருவர் தலையும் இடித்துக்கொண்டன.

எண்ணெயில் கழுவி, அந்தத் துண்டைக் கடைக்குக் கொண்டுபோனார்கள். பிஸ்கட் டப்பாவும் வந்தது. இப்போது மேசையில் ஒரு பக்கம் டச்சுப்படை, ஒரு பக்கம் திருவிதாங்கூர்ப்படை, நடுவில் பெஞ்சு. இரண்டு படைகளும் துப்பாக்கியை நீட்டியபடி ஆட்டம் முடியக் காத்திருக்கின்றன. சேர்ந்து வெளியிட்ட முதல் அறிவிப்பு அன்றே குழுவில் போனது, சண்டையும் அன்றே தொடங்கியது. அந்தக் காலத்தில் ரம்மி கிடையாது, வரலாற்றுப் பிழை, இதை ஏற்க முடியாது என்று ஐந்து நாட்டுக்காரர்கள் எழுதினார்கள். சீட்டுகள் தினமும் மாறுகின்றன என்று பிபின் படத்தோடு எழுதியதை எல்லாரும் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். ரம்மிதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

சீட்டு மாறுவது உண்மைதான். காலையில் ஷட்டரைத் தூக்கினால் ஒரு சீட்டு கீழே போட்டிருக்கும், ஒன்று எடுத்திருப்பார்கள். ராஜையாவும் கிருஷ்ணன்குட்டியும் முதலில் தனித்தனி பஸ்ஸில் வந்து பார்த்தார்கள். பஸ் ஸ்டிரைக் நடந்த ஒரு நாளில் ஒரே ஆட்டோவில் வந்தார்கள், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நாற்காலிகளையும் இங்கே கொண்டுவந்தாயிற்று. மொபைல் ரிப்பேருக்கு வருகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போகிற போக்கில் ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, "அத களையாதீரும்" என்று ஈயக் கிழவனுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போகிறார்கள். நேற்று டச்சுக்காரர் ஸ்பேடு ராணியைக் களைந்திருக்கிறார். ராஜையாவுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கிருஷ்ணன்குட்டியோ அது வலை, அதை எடுக்கவே கூடாது என்று தன் ஆளின் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி பெட்டி அச்சடிக்க வேண்டும். 'சரணடைதல்' என்ற பெயரை அடித்துவிட்டார்கள். பிபின் ஒரு பெயர் சொல்கிறான், ரெஜி ஒரு பெயர் சொல்கிறான், அப்பாக்கள் இருவரும் ஆட்டம் முடியட்டும் என்கிறார்கள். ஆனால் ஆட்டம் எப்போது முடியும்? குழுவில் போட்ட படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், தலைப்பாகைக்காரரின் இடது கைச் சீட்டுகளை, ஓரத்தில் ஒன்று பாதி மறைந்திருக்கிறதே, அது ஜோக்கர்தானே, அவர் அந்த ராணியை எடுப்பார் என்றா நினைக்கிறீர்கள்?