சும்மா இருந்த டோக்கன்

நான் ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரி ரத்த வங்கியே கண்ணீரில் மிதந்தது. கீழ்த்தட்டில் இருந்த ரத்தப் பைகளை மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. என் இடத்துக்கு வந்த பெண் மட்டும் அழவில்லை. என்னை அவ்வளவாகத் தெரியாது, பாவம்.

அங்கே தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தப் பை எந்த வகை, எந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது, யாருக்கு ஒதுக்கியது, எல்லாம் அதற்குள். நுழைய டோக்கன் வேண்டும். கையில் பிடிக்கிற வில்லை அல்ல. எழுத்தும் எண்ணும் கலந்து முழ நீளத்துக்குப் போகும் ரகசியச் சரம். வார்டுகளின் டோக்கன்கள் திங்கள்தோறும் பகல் பன்னிரண்டுக்குச் செத்துப்போகும். புதிது கொடுக்க நிர்வாகி டோக்கன் வேண்டும். நிர்வாகி டோக்கனை உண்டாக்க இன்னொரு நிர்வாகி டோக்கன் வேண்டும். கோழி, முட்டை விவகாரம்.

ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பது என் வழக்கம். புதியவளிடம் நான் ஒப்படைத்தது 'பெரியவன்'. அதைப் பெற்ற தாய் 'சும்மா'. தாயை நீக்கினால் பிள்ளையும் போய்விடும். எப்பேர்ப்பட்ட திருடனும் 'சும்மா' என்பதைத் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பது என் ராஜதந்திரம். ஒப்படைப்புக் குறிப்பில் எந்த நாற்காலி ஆடும் என்பதுவரை எழுதியிருந்தேன். இதை எழுதவில்லை.

திங்கள் காலை பத்தரைக்கு அவள் அழைத்தாள்.

"சார், பழைய டோக்கனையெல்லாம் சுத்தம் பண்ணிட்டிருக்கேன். 'சும்மா'ன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?"

"அது சும்மா இருக்கட்டும்மா" என்றேன்.

அந்த நொடியில் என் மனைவி மிக்சியைப் போட்டாள். எங்கள் மிக்சி விமானத்துக்கு அக்கா. கடைசி எழுத்துகளை அது அரைத்து விழுங்கிவிட, மறுமுனையில் கேட்டது "அது சும்மா இருக்கு" மட்டும்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைப்பு.

"சார், 'சும்மா'வை நீக்கிட்டேன். இப்ப என்னையே உள்ள விடமாட்டேங்குது."

காகிதப் பேரேட்டை நிறுத்தி ஆறு வருடமாகிறது. பன்னிரண்டு அடித்தால் எல்லா வார்டுத் திரையும் இருண்டுவிடும். எந்த நோயாளிக்கு எந்தப் பை என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் சேர்ந்து மூன்றே வாரம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டாக்சியில் பறந்தேன். பதினொன்றேகாலுக்கு வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"டோக்கன் காட்டுங்க சார்."

"என்னைத் தெரியலையாப்பா?"

"நல்லா தெரியும் சார். டோக்கன் இல்லாம யாரையும் விடக்கூடாதுன்னு எழுதி ஒட்டச் சொன்னதே நீங்கதானே."

பார்வையாளர் வரிசையில் நாற்பத்தேழாம் எண் கிடைத்தது. ஜன்னலில் பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. கைபேசி அதிர்ந்தது.

"சார், கையேட்டுல மீட்பு முறைன்னு ஒண்ணு போட்டிருக்கு. சர்வரை நிறுத்தி, அதே மெஷின்ல உக்காந்து அந்த முறையில திரும்ப ஓட விட்டா ஒரு நிர்வாகி டோக்கன் தருமாம். நீங்க செஞ்சிருக்கீங்களா?"

"ஆயிரம் தடவை."

மூன்று பூஜ்யங்களும் உண்மை. முன்னால் நிற்கும் ஒன்றுதான் கொஞ்சம் மிகை.

"நிறுத்தினா வார்டுல எல்லாம் திரை போயிடுமே."

"ரெண்டு நிமிஷம்தான். ரத்த வங்கியில சொல்லிட்டியா?"

"அவசரப் பைகளை மட்டும் பேப்பர்ல எழுதி வெச்சாச்சு. குளிர்பெட்டி முன்னாடி ரெண்டு பேர் நிக்கிறாங்க."

இது எனக்குத் தோன்றியிருக்காது.

"அப்ப நிறுத்தும்மா."

கைபேசியைக் காதில் ஒட்டியபடி நின்றேன். அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு நான்கு வயது கூடியது. பின்னால் ஃபிளாஸ்கோடு நின்ற அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள யாருக்குங்க? ஆபரேஷனா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்க."

"பெரிய டாக்டரா பாக்கறாரு?"

"சின்னப் பொண்ணுதான். கை சுத்தம்."

"கவலைப்படாதீங்க. உங்க சட்டை திருப்பிப் போட்டிருக்கு."

காதுக்குள் விசைப்பலகைச் சத்தம் நின்றது. பிறகு ஒரு நீண்ட மூச்சு.

"வந்துடுச்சு சார்."

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கடைசி வார்டுக்கும் புது டோக்கன் போய்ச் சேர்ந்தது.

"அதை வெச்சு இன்னொண்ணும் போட்டுட்டேன் சார். ரெண்டாவது மூடின உறையில, கண்காணிப்பாளர் பீரோவுல இருக்கும். பேரு 'நிர்வாகி ஒன்று', 'நிர்வாகி இரண்டு'."

"ரசனையே இல்லையேம்மா உனக்கு."

"வேணாம் சார், இதுவே போதும்."

"கண்காணிப்பாளர் திட்டினாரா?"

"நடந்ததை நானே சொல்லிட்டேன். உடனே சொன்னது நல்லதாப் போச்சு, வேலையைப் பாருன்னார். 'சும்மா'ன்னு பேரு வெச்ச புண்ணியவான் யாருன்னு மட்டும் கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"நீங்க வாசல்ல வரிசையில நிக்கறதைச் சொன்னேன். கீழ வந்துட்டிருக்கார்."

வரிசையை விட்டு நழுவினேன். ஃபிளாஸ்க் அம்மாள் என் முழங்கையைப் பிடித்தார்.

"என்னங்க ஆச்சு? நல்லபடியா முடிஞ்சுதா?"

"ரெட்டைங்க" என்றேன். "ரெண்டும் நல்லா இருக்கு."

அவர் வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். நாற்பது பேரின் வாழ்த்தோடு, பக்கத்துச் சந்து வழியாக வீட்டுக்கு நடந்தேன்.